எங்கள் பங்குக்கு ஜல்லி

சண்டை ஓய்ந்து, கினியா அகதி முகாமிலிருந்து எங்கள் கோலாஹுனுக்குத் திரும்பிய வருடம், எங்கள் ஊரில் கூரையோடு நின்றவை நான்கே வீடுகள். பக்கத்து வீட்டுக்காரி யேமாவின் வீடு அவற்றில் இல்லை. கலகக்காரர்கள் வைத்த தீயில் சுவர், கதவு, புருஷன் கோகோ விற்று வாங்கிய கட்டில் எல்லாம் போய், கருங்கல் அஸ்திவாரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு மிச்சமிருந்தது. புருஷன் முகாமிலேயே வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்துவிட்டான். யேமாவும் மகள்கள் இருவரும் என் சமையல் கொட்டகையில் ஒண்டிக்கொண்டார்கள். நான் வாண்டி, தையல்காரன். மழையில் அந்தக் கொட்டகை எந்தெந்தப் பக்கம் ஒழுகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுக்க வேறொன்றும் இல்லை.

அந்தக் கல்லின் மேல் மறுபடி நாலு சுவர் எழுப்ப வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

அப்போதுதான் சுகாதார நிலையம் கட்டும் திட்டம் வந்தது. நாட்டைத் தூக்கி நிறுத்த வெளிதேசங்கள் பணம் தருகின்றனவாம். சிமெண்ட், தகரம், கொத்தனார் எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் சும்மா கொடுத்தால் எங்களுக்கு அருமை தெரியாதாம்; பத்தில் ஒரு பங்கை ஊரார் போட வேண்டுமாம். காசில்லாத ஊர் என்னத்தைப் போடும்? மணலும் ஜல்லியும்தான். வீடு எரிந்தவர்களிடமே பங்கு கேட்கிற இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ.

ஊர்த்தலைவர் லஹாய், வீட்டுக்கு நாற்பது சட்டி ஜல்லி என்று விதித்தார். பாறை இருப்பது ஆற்றுக்கு அப்பால். அதன் அடியில் தீ மூட்டி, பாறை வெடித்த பிறகு துண்டுகளைத் தலையில் சுமந்து வந்து, உட்கார்ந்து சுத்தியலால் உடைக்க வேண்டும். யேமா ஆறு நாள் போனாள். ஏழாம் நாள் முழங்கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. அதுவரை ஒன்பது சட்டிதான் தேறியிருந்தது.

அன்று மாலை சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தன் அஸ்திவாரத்தின் மூலைக்கல்லைப் பெயர்த்துப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"கிறுக்கு இல்லடா வாண்டி, கால்வலி. எந்தக் கல்லா இருந்தா என்ன, உடைச்சா ஜல்லிதானே."

"அப்புறம் வீடு?"

"மொதல்ல ஊருக்குக் கொடுத்துத் தொலைக்கிறேன். பாறை எங்கயும் ஓடிப்போவாது. கால் சரியானதும் எனக்குன்னு போய்ப் பொறுக்கிக்கிறேன்."

"தலைவர்கிட்ட சொல்லிப் பாக்கலாம்ல?"

"அவரு வீட்டுல எட்டுப் பேரு உடைக்கிறாங்க. என் கால்வலி அவருக்கு எங்க புரியப்போவுது?"

ஊரில் முதலில் பங்கை முடித்தவள் யேமாதான். கூட்டத்தில் தலைவர் அவளை எழுந்து நிற்கவைத்து, எங்கள் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அதைப் பார்த்து இன்னும் நான்கு விதவைகள் தங்கள் அஸ்திவாரங்களைப் பெயர்த்தார்கள். நானும் கைதட்டினேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

கட்டடம் எழும்பியது. நீலப் பெயிண்ட் அடித்தார்கள். நர்ஸ் மட்டும் வரவில்லை. யேமாவின் காலும் சரியாகவில்லை. வீடு இருந்த இடத்தில் மரவள்ளி நட்டுவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து வீட்டுத் திட்டம் வந்தது. போரில் எரிந்த வீடுகளுக்குத் தகரம், மரம், ஆணி எல்லாம் இலவசம். வேறு ஊர்களில் சிலர் இல்லாத வீட்டைச் சொல்லி வாங்கிவிட்டார்களாம். அதனால் அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்த்து அளந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

"உங்க வீடு எங்கம்மா?" மோட்டார் சைக்கிளில் வந்த அதிகாரி கேட்டான்.

"இங்கதான் சார்."

"இது மரவள்ளித் தோட்டம்மா."

"கல்லு இருந்துச்சு. உடைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துட்டேன்."

"சொந்த வீட்டு அஸ்திவாரத்தை யாராச்சும் உடைப்பாங்களா?"

தலைவர் சாட்சி சொன்னார். நானும் சொன்னேன்.

"வாய்ச்சாட்சி செல்லாதுங்க. மேல உத்தரவு. நான் என்ன பண்ண?" என்றான். கெட்டவன் இல்லை, அவன் முகத்திலும் களைப்புதான் இருந்தது.

யேமா சண்டை போடவில்லை. நொண்டிக்கொண்டே அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, சிமெண்டுத் தளத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு அடியிலதான் சார் இருக்கு. டேப்பை எடுங்க."

அவன் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

வாசலில் அந்த நான்கு விதவைகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் பெயரும் ஏறவில்லை. யேமா தரையில் கையூன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. கை கொடுக்க அவர்களில் யாரும் உள்ளே வரவில்லை. நான்தான் போய்த் தூக்கிவிட்டேன்.