ஏழாம் அத்தியாயம் இருந்த இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பதினாறு வருஷமாக நூலகத்தில் உதவியாளனாக இருந்தும், புத்தகங்களுக்கு அட்டை போடுவதும் எண் ஒட்டுவதும்தான் என் வேலை. ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் எழுதியதில்லை. சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து வந்த அம்மா, இதை எழுதிக் கொடுங்கள், உங்கள் பழைய நூலகரின் தாள்கள் இருக்கிற பெட்டியோடு வைக்க வேண்டும், கல்லூரி மலரிலும் போட வேண்டும் என்று கேட்டுப் பத்து மாதம் ஆகிறது.

இப்போது என் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நூலக உறுப்பினர் படிவம் அச்சாகியிருக்கிறது. மேலே மாநிலத்தின் பழைய பெயர். மறுபக்கத்தில் பென்சிலால் நெருக்கி எழுதிய வரிகள். மூலையில் 7 என்றும், அதன் கீழே 19 என்றும் இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு சின்ன வட்டம், அந்த வட்டத்துக்குள் ஒரு டிக். ஒன்பது வருஷமாக இந்தத் தாளை வீட்டுத் தகரப் பெட்டியில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்திருந்தேன். இது என்னுடையது அல்ல. எங்கள் நூலகர் சாருடையது.

எங்கள் நூலகம் பொன்னேரியைத் தாண்டி, ரயிலடிக்குப் பக்கத்தில், ஓடு போட்ட இரண்டே அறைகள் கொண்ட கிளை நூலகம். சார் 1964-இல் அங்கே வந்தார். கும்மிடிப்பூண்டியில் தங்கிக்கொண்டு தினமும் காலை வண்டியில் வருவார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. ஒட்ட வெட்டிய தலை, பளபளவென்று துடைத்த பூட்சு. பட்டாளத்தில் இருந்தவர். பெரிய சண்டையில் பாலைவனத்தில் பிடிபட்டு, கைதியாக இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே ஒரு விவசாயியின் நெல் வயலில் வேலைக்கு விட்டார்களாம். அந்த ஊரிலும் நெல் விளையும் என்பது சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருந்தபடியே பாஷையைக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது வீட்டுக்கார அம்மா தன் மகன் படித்த ஒரு நாவலைக் கையில் கொடுத்தார்களாம். களை எடுக்க ரயிலேறி வெளியூர் போகிற பெண்களைப் பற்றிய கதை அது. அதைத்தான் சார் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

சண்டைக் கதைகள் அவர் சொல்லமாட்டார். வாசகர்கள் வாயைக் கிளறினால், “அதெல்லாம் விடுங்க, புக்கு எடுத்தாச்சா?” என்பார். எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார். கேட்டதற்கு ஒருமுறை சொன்னார்: “மை கொட்டிப் போவும், தண்ணி பட்டா கரைஞ்சு போவும். பென்சில் நம்மள உடாதுப்பா.”

பன்னிரண்டு மணிக்கு நூலகத்தை அடைத்தால் நான்கு மணிக்குத்தான் திறப்போம். அந்த நேரத்தில் நான் கிழிந்த புத்தகங்களைப் பிரித்துத் தைப்பேன். சார் அன்றைக்கு எழுதியதை உரக்கப் படிப்பார். எனக்குக் கதை சொல்வதற்காகப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறார் என்று. ஏதாவது ஒரு வரி எனக்குப் புரியாவிட்டால் ஊசி பிடித்த கை தானாக நின்றுவிடுமாம். எனக்கே அது தெரியாது. கை நின்ற இடத்தில் ஓரத்தில் ஒரு வட்டம் போடுவார். மறுநாள் அந்த வரி வேறு மாதிரி இருக்கும். “வாயத் தொறந்து சொல்ல மாட்ட. கையாவது சொல்லுதே, அது போதும்” என்பார். நான் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

சாருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அவர் பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். வயல் வேலை எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் இத்தாலியில் கற்றது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாஷையில் பெயர் தெரியும், தமிழில் தெரியாது. என் மனைவி அப்போது கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வரும் வழியில் எனக்குச் சோறு கொண்டுவருவாள். கால் சேறாக இருப்பதால் உள்ளே வரமாட்டாள். சார் தன் நாற்காலியை வாசலுக்கே தூக்கிக்கொண்டு போவார்.

“ஏம்மா, நாத்தப் புடுங்கி ஒரு கை அளவு கட்டுறீங்களே, அதுக்குப் பேரு இன்னா?”

“முடி சார்.”

“இடுப்பு புடிச்சிக்கினா எழுந்து நிப்பீங்களே, அதுக்கு?”

“அதுக்கு இன்னா சார் பேரு. நிமிர்றதுதான். நிமிர்ந்தா மேஸ்திரி திட்டுவான்.” சிரித்துவிட்டு அவளே தொடர்ந்தாள்: “நிமிர்ந்தா இன்னும் எவ்ளோ கழனி பாக்கின்னு ஒரு தபா பாப்போம். அப்புறம் பாக்க மாட்டோம். பாத்தா கை ஓடாது.”

சார் பென்சிலை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டார். அவள் விடவில்லை. “ஏன் சார், அந்த ஊரு பொம்பளைங்களும் சேத்துலதான் கெடக்குறாங்களா? வெள்ளக்காரிங்க எல்லாம் நாற்காலில குந்திக்கினு இருப்பாங்கன்னு இல்ல நெனச்சேன்.”

அடுத்த வாரம் ஏழாம் அத்தியாயத்தைப் படித்தார். களை எடுக்கிற ஒரு பெண் இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து, மிச்சம் இருக்கிற வயலை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துவிடுகிற இடம் வந்தது. பல நாளாக அவருக்கு வசப்படாமல் இருந்த இடம் அது. என் கை நின்றது. சார் வட்டம் போட்டுவிட்டு, “இன்னாப்பா, புரியலியா?” என்றார்.

“புரிஞ்சுது சார். அதான் கை நின்னுது” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார். சார் எழுதிய மொத்தத் தாள்களிலும் உள்ளே டிக் போட்ட வட்டம் அது ஒன்றுதான்.

மாநிலத்தின் பெயர் மாறிய வருஷம் அது. புதுப் படிவங்கள் வந்துவிட்டன. பழையவை கட்டுக்கட்டாக மிஞ்சின. “இதெல்லாம் வேஸ்ட்தான், அட்டை போட யூஸ் பண்ணிக்க” என்று சார் சொல்லியிருந்தார். அவரும் அதன் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார். மாசி மாதம் மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. சார் தன் புத்தகத்தைப் போடுவதாகச் சொன்ன பதிப்பாளரைப் பார்க்க இரண்டு நாள் சென்னைக்குப் போனார். நான் எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்கு செய்தேன். மேசை மேல் கிடந்த தாள்களை எடுத்து, அச்சுப் பக்கம் மேலே இருக்கும்படி அலமாரி மேல் இருந்த பழைய படிவக் கட்டின் மேல் வைத்தது நான்தான். மறுநாள் அதை நானே மறந்துவிட்டு அந்தக் கட்டைக் கீழே இறக்கினேன். இருபத்தொரு புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டியிருந்தது. அட்டையின் உள்பக்கத்தில் முதலில் ஒரு பழைய தாளை ஒட்டி, அதற்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டுவோம். முன்னட்டைக்கு ஒன்று, பின்னட்டைக்கு ஒன்று என்று ஒரு புத்தகத்துக்கு இரண்டு பழைய தாள். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சி, தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒட்டிக்கொண்டே போனேன். வேலை முடிந்து தரையைப் பெருக்கும்போது மேசைக்கு அடியில் ஒரு தாள் புரண்டு கிடந்தது. குனிந்து எடுத்தேன். வட்டத்துக்குள் டிக் இருந்தது.

பசை அப்போது ஈரமாகத்தான் இருந்தது. உடனே பிரித்திருக்கலாம். ஆனால் மறுநாள் அதிகாரி வருகிறார். என் வேலை நிரந்தரம் ஆவது சார் எழுதப்போகிற குறிப்பில் இருந்தது. அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதிகாரி வந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டை நன்றாகப் போட்டிருக்கிறது என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார். சார் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, “இவர் போட்டதுதான் சார்” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஏழாம் அத்தியாயத்தைத் தேடினார். நூலகத்தில் தேடினார், வீட்டில் தேடினார். சென்னைக்கு எடுத்துப்போன பையில்தான் இருந்தது, ரயிலில் விட்டுவிட்டேன் என்று கடைசியில் முடிவு செய்துகொண்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்தார். ரயிலில் கிடைக்கிற காகிதம் எல்லாம் சுண்டல்காரர்களிடம்தான் போகும் என்று யாரோ சொல்ல, தினமும் வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்குவார். கடலையை என்னிடம் கொட்டிவிட்டு, காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். இரண்டு மாதம் அப்படி வாங்கினார். நான் அந்தக் கடலையைத் தின்றேன். அவர் தேடியது பத்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. அந்தப் புத்தகங்களை அவரே எடுத்து, தேதி முத்திரை குத்தி வாசகர்களிடம் கொடுத்தார்.

முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. என் வேலை நிரந்தரமான பிறகு இன்னும் முடியவில்லை.

திரும்ப எழுதிப் பார்த்தார். ஒரு பக்கம் எழுதுவார், கிழித்துவிடுவார். “மொதல்ல வந்தது வரலப்பா. இது யாரோ பேசுற மாதிரி இருக்குது” என்றார். என் மனைவியிடம் மறுபடி கேட்கலாமே என்று நினைப்பேன். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பதிப்பாளரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. சார் மற்ற அத்தியாயங்களைப் பட்டாளத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

1972-இல் ஓய்வு பெற்றார். அந்தப் பெட்டியை நான்தான் தலையில் வைத்து ரயிலடிக்குக் கொண்டுபோனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். “கனமா இருக்குதாப்பா?” என்றார். “இல்ல சார்” என்றேன். “இருக்காது. ஒரு அத்தியாயம் கம்மிதானே” என்று சிரித்தார். வண்டி வந்துவிட்டது. வண்டி வராவிட்டாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. நான்கு வருஷம் கழித்து அவர் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

சாரின் தங்கை அந்த இரும்புப் பெட்டியை அந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார்கள். போன வருஷக் கடைசியில் அங்கிருந்து அந்த அம்மா எங்கள் நூலகத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பட்டியல். அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எத்தனை தாள், எங்கெங்கே கரையான் அரித்திருக்கிறது என்று எழுதியிருந்தது. ஏழுக்கு நேராகக் காணவில்லை என்று இருந்தது.

“அதுகூடப் பரவாயில்லைங்க. ஓரத்தில் எல்லாம் சின்னச் சின்ன வட்டம் போட்டிருக்கார். அது எதுக்குன்னு யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். முதலில் நம்பவில்லை. பிறகு, “இன்னாய்யா மனுசன் நீ. ரெண்டு வார்த்தை சொல்ல ஒன்பது வருசமா? அந்த ஆளு கடலை வாங்கி வாங்கிப் போட்டாரே உனக்கு” என்றாள். பிறகு, “நாளிக்கு வண்டி ஏறு” என்றாள். ஏறினேன்.

அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “புத்தகங்கள் இன்னும் இருக்கா?” எந்தெந்தப் புத்தகம் என்று எனக்கு வரிசையாக நினைவிருந்தது. இருபத்தொன்றில் பதினெட்டு இருந்தன. ஒன்றை வாசகர் தொலைத்துவிட்டார். இரண்டு மழையில் நனைந்து கழிக்கப்பட்டவை. புது நூலகரிடம் அனுமதி வாங்கி, ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, நானே ஒவ்வொரு அட்டையாகப் பிரித்தேன். மயில்துத்தத்தால் தாள்கள் லேசாக நீலம் பாய்ந்திருந்தன. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. முப்பத்தாறு தாள் கிடைத்தது. என்னிடம் இருந்ததோடு முப்பத்தேழு. ஆறு தாள் போனது போனதுதான்.

“பெட்டியில் இருந்ததைக் கரையான் தின்னுட்டுது. இதில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஒரு வகையில் நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க” என்றார் அந்த அம்மா. நல்ல மனசோடு சொன்னார். ஆனால் அப்படி எழுதிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சார் இருந்தபோது அந்தப் புத்தகம் வெளிவராமல் போனதற்கு நான்தான் காரணம். பட்டியலில் ஏழாம் அத்தியாயத்துக்கு நேராக அதையே எழுத வேண்டும். வட்டங்கள் எதற்கு என்பதை மேலே எழுதிவிட்டேன். அச்சில் போடும்போது அவற்றை எடுத்துவிடுவார்களோ என்னவோ. பெட்டியில் இருக்கிற தாள்களில் அழிக்க வேண்டாம்.

இந்த ஒரு தாளை மட்டும் கடைசியாகத் தருகிறேன் என்று வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தைக்கிறாள். அவள் களை எடுத்த கழனிகளில் சிலது அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள்தான் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இன்று அவளுக்கு விடுமுறை. மதியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்தொன்பதாம் தாளை, சார் படிக்கிற மாதிரி, உரக்கப் படித்தேன். நடுவில் எனக்கு இரண்டு இடத்தில் தடுமாறியது. அந்தப் பெண் நிமிர்ந்து வயலைப் பார்த்துவிட்டுக் குனிகிற இடம் வந்தபோது நான் தாளைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன். நின்றிருந்தது.

“இது நான் சொன்னதாச்சே” என்றாள்.

தாளை உறையில் போட்டுவிட்டேன். நாளைக் காலை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

12-11-1978, ஞாயிறு.