பினாயில் அக்காவின் எறும்புகள்

எங்கள் தெருவில் என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பினாயில் அக்கா வீடு" என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் அவித்து, கிருமி அண்டாமல் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஓய்வு பெற்றாள், கழுவுவதிலிருந்து அல்ல. நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டம்ளர் கையைவிட்டுப் போய்விடும். பாதி டீயோடு போன நாட்களும் உண்டு.

நான் தச்சன். ஊர் அறிவியல் காட்சிக்கூடத்தின் பின்கட்டில் இருக்கும் பட்டறையில் அவர்களுக்கு வேண்டிய பெட்டிகளும் பலகைகளும் செய்து கொடுக்கிறேன். காட்டு எறும்புப் புற்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறோம், பார்த்துக்கொள்ளப் பொறுமையான ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்க வீட்ல ஒரு ஆள் இருக்கு சார்" என்றேன். வீட்டுத் தரையாவது தேயாமல் தப்பிக்கட்டுமே என்ற சுயநலம்தான்.

ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி பைன் மரக் காட்டிலிருந்து ராணி, வேலைக்கார எறும்புகள், ஊசியிலைக் குப்பை எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். முதல் நாள் என் மனைவி மூக்கைச் சுளித்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாப்பாட்டில் கை வைக்கும்போதே ராணிக்கு இன்று எப்படி இருந்தது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் எங்கள் மகளைப் பற்றிக்கூட வீட்டில் இவ்வளவு பேச்சு அடிபட்டதில்லை.

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அன்று மாஸ்க், கையுறை, இடுக்கி சகிதம் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மிச்சம் கிடக்கும் இரையைப் பொறுக்குவாள். செத்ததைப் பொறுக்குவாள். குப்பைக்குள்ளும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும் மஞ்சள் மணிகளை ஒன்று விடாமல் பொறுக்குவாள். புதிதாகப் போடவேண்டிய ஊசியிலைகளை வீட்டுக் குக்கரில் வேகவைத்து, காயவைத்து, பிறகுதான் உள்ளே போடுவாள். அந்தக் குக்கரில் சமைத்ததைத்தான் நானும் சாப்பிட்டேன்.

ஈரமான மாதங்கள் வந்தன. செத்த எறும்புகளின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. கை நிறைய அள்ளுகிற அளவுக்குச் செத்தன. உடம்பில் வெள்ளைப் பொடி படிந்து திரியும் எறும்பைச் சுற்றி நாலைந்து நின்றுகொண்டு நக்கும். இவள் பதறிப்போய், இது ஒட்டுவாரொட்டி ஆயிற்றே என்று அதை இடுக்கியால் தூக்கித் தனிக் கிண்ணத்தில் வைப்பாள். கிண்ணத்துக்குப் போனது ஒன்றுகூடத் தேறவில்லை. ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தாள். ஈரம் அதிகமோ, தீனி சரியில்லையோ என்று அந்தப் பெண்ணும் தூரத்திலிருந்தபடி கேட்டுப் பார்த்தாள். சுத்தம் செய்வதைப் பற்றி இவள் சொல்லவே இல்லை. பல் தேய்த்ததை யாராவது போன் போட்டுச் சொல்வார்களா?

இது போதாதென்று எறும்புகள் பெட்டியைவிட்டு வெளியேறவும் தொடங்கின. மேனேஜர் வந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க. பூசணம் புடிச்ச பெட்டியைக் காட்டவா முடியும்? அதுக்குள்ள காலி பண்ணிடுங்க. உங்க பெட்டியில ஓட்டை வேற இருக்கு போல" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் இணைப்பில் ஓட்டையா? ஆனால் வீட்டுக்கு வந்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. என் மனைவி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

"என் கை பட்டதெல்லாம் சாகுதுங்க" என்றாள்.

"கிறுக்குத்தனமா பேசாத. எறும்புக்குக் காய்ச்சல் வந்தா நீ என்ன பண்ணுவ?"

"அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க."

மறுநாள் காலை ஓட்டையை அடைக்க மக்குப் பசையோடு போனேன். மூலையில் மரம் சற்று வளைந்து, நூல் இழை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. என் தப்புதான், மேனேஜரிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை. அதன் வழியாக வரிசையாக எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. எங்கேதான் போய்த் தொலைகின்றன என்று பின்னாலேயே போனேன். வராந்தா ஓரமாகவே போய், கதவுக்கு அடியில் புகுந்து, என் பட்டறைக்குள்ளேயே நுழைந்தன. கணுவில் பிசின் வடிகிறது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த பைன் பலகைகளின் மேல் ஏறின. பிசினைக் கடித்துப் பெயர்த்து, ஆளுக்கொரு மஞ்சள் மணியாகக் கவ்விக்கொண்டு, வந்த வழியே திரும்பின.

ஓடிப்போகிறவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்புவானா? மனைவியைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தவள் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். துடைக்காத நாற்காலியில்கூட உட்காராதவள்.

"இதைத்தாங்க நான் வாராவாரம் பொறுக்கிப் போட்டேன்."

உடனே போன் போட்டாள். இந்த முறை குக்கர் உட்பட எதையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் நிதானமாக விளக்கினாள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே நெருக்கியடித்து வாழும் இடம் அது. ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாருக்கும் வரும். அதற்குக் காவல் தேடிக்கொண்ட புற்றுகள்தான் காலங்காலமாகத் தழைத்து வந்திருக்கின்றன. பிசினைக் கூட்டில் பதித்து, மேலே தங்கள் உடம்பில் சுரக்கும் புளிப்பு நீரையும் தெளித்துவிட்டால் பூசணம் எளிதில் தலைதூக்காது.

"அப்ப அந்த நக்குறது?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதுவும் வைத்தியம்தான்மா. அந்தப் பொடி உடம்புக்குள்ள இறங்குறதுக்குள்ள நக்கி எடுத்துடும். சில வகை எறும்புல, நக்குற எறும்புக்கும் துளித்துளியா நோய் தொத்தி, அதாலயே எதிர்ப்பு வந்துடுது, நாம தடுப்பூசி போட்டுக்கறோமே, அந்த மாதிரி. தனியா எடுத்து வெச்சா அதுக்கு யாரும் இல்ல."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

பலகைகளிலிருந்து பிசினைச் சுரண்டி இரை வைக்கும் தட்டில் போட்டேன். வேகவைக்காத ஊசியிலையும் போட்டோம். பிறகுதான் ஓட்டையை அடைத்தேன். அன்று சாயங்காலம் ஒரு உணர்கொம்பு உடைந்த எறும்பு ஒன்று உடம்பெல்லாம் பொடியோடு கண்ணாடி ஓரம் வந்தது. நாலு எறும்புகள் சூழ்ந்துகொண்டன. அவள் கை தானாக இடுக்கிக்குப் போனது. போன கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ கஷ்டமான வேலைகளை அவள் செய்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே மேனேஜர் வந்தார். கண்ணாடி முழுக்கப் பிசின் அப்பியிருந்தது.

"என்னம்மா இது, முன்னைவிட மோசமா இருக்கு?"

"அது அழுக்கு இல்ல சார், மருந்து. நான்தான் தெரியாம எடுத்துப் போட்டுட்டேன்." யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள், கைகூப்பிக் கேட்டாள். "ஒரே ஒரு மாசம், என்னை ஒண்ணும் செய்யாம இருக்க விடுங்க சார்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலை செய்யாம இருக்க இப்படிக் கெஞ்சி அனுமதி கேட்ட ஆளை இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை உள்ளே விடச் சொன்னார்.

சாவு உடனே நிற்கவில்லை. ஆனால் குறைந்தது, பிறகு இன்னும் குறைந்தது. ஒருநாள் பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தபோது, "இங்க வாங்களேன்" என்று அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஒற்றைக் கொம்பு, தன்னைவிடப் பெரிய கூட்டுப்புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வழுக்கியது. மறுபடி ஏறியது.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தனை வருஷமும் கருவியைக் கழுவிக் கழுவி அனுப்பினேன். அதால பொழைச்சவங்க ஒருத்தரையாவது பாத்திருப்பேனா? இதுதாங்க முதல்."

நானும் குனிந்து அந்த எறும்பு மேலே போய்ச் சேரும்வரை பார்த்தேன்.