அண்ணையின் மருத்துவ அட்டை

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ரொம்ஃபோட் வீதியில் நடந்துகொண்டிருந்தோம். பஸ் குலுக்கினால் வலி கூடும் என்று அண்ணை சொன்னதால் மனோர் பார்க்கில் இருந்த வீடு வரைக்கும் நடை. ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டு அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். குடலிறக்கம்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. மூன்று நாடுகளில் ஒளித்தும் பிடிபட்டும் நான் லண்டன் வந்து சேர்ந்தபோது தன் அறைத் தரையில் இடம் தந்தவர். அந்த வீட்டில் ஏழு ஆண்கள் இருந்தோம். மருத்துவ அட்டை அவரிடம் மட்டுமே இருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த அட்டையோடு, அந்தப் பெயரில்தான் டொக்டரிடம் போனோம். அகதி விண்ணப்பம் முடிவாகாதவன் சொந்தப் பெயரைக் கொடுத்தால் தகவல் குடிவரவு அதிகாரிகளுக்குப் போய்விடும் என்று எல்லோரும் நம்பினோம். அது பிழை. கேட்டிருந்தால் எனக்கும் ஓர் அட்டை தந்திருப்பார்கள். பல வருடங்களுக்குப் பிறகுதான் அது தெரிந்தது.

நாங்கள் இருவரும் முன்பு ஒரே கிடங்கில் அரிசி மூட்டை தூக்கியவர்கள். முதலில் குடல் இறங்கியது எனக்கு. அண்ணையின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி அதே ஆஸ்பத்திரியில் படுத்தேன். வெட்டித் தைத்து அனுப்பினார்கள். வயதுக்கு மிகவும் இளமையாக இருக்கிறீர்கள் என்று ஒரு தாதி மட்டும் சொன்னாள்.

பிறகு அவருடைய முறை. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். அரசாங்கம் தன் இலவச ஆஸ்பத்திரிகளைத் தனித்தனி நிர்வாகமாக்கி, சிகிச்சையை விலை பேசி வாங்கவும் விற்கவும் விட்ட காலம் அது. நீண்ட பட்டியல் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர். அதைக் குறைப்பதற்கென்றே ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டர் முன் இருத்தியிருந்தார்கள். அன்று காலை அவள் திரையைப் பார்த்து, இந்தச் சத்திரசிகிச்சை உங்களுக்கு முன்னமே முடிந்துவிட்டது, பெயரை எடுத்துவிட்டோம் என்றாள். திரும்பவும் இறங்கியிருந்தால் டொக்டரிடம் புதுக் கடிதம் வாங்கி வரவேண்டுமாம், கடைசியில் சேர்ப்பார்களாம்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். படுத்தது நான் என்று சொல்ல ஒரு வசனம் போதும். சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பெண்கள் மேசை போட்டு, இந்த மாற்றங்களுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவர்களோடு மல்லுக்கு நின்றார். எவ்வளவு காசு கொட்டினாலும் இந்த ஆஸ்பத்திரிகளுக்குக் காணாது, வந்தவன் போனவன் எல்லாம் காசில்லாமல் வெட்டிக்கொண்டு போகிறான் என்றார். நாளைக்கு உன் முழங்காலிலும் விலை ஒட்டுவார்கள், அப்போது வந்து அழு என்றாள் ஒருத்தி. அண்ணை நின்று கையெழுத்துப் போட்டார்.

"கிழவன் சொன்னது விளங்கினதோ?" நடக்கும்போது கேட்டார்.

"ஓம்."

"எங்களைத்தான் சொன்னவன். வெட்டினது உனக்கு, சுகமானது எனக்காம்."

"நான் திரும்பிப் போய்ச் சொல்லட்டே, அண்ணை?"

"என்னெண்டு? ஆள் மாறிப் படுத்தனான் எண்டோ? உன்னைப் பிளேனிலை ஏத்துவாங்கள், என்ரை மருத்துவ அட்டையையும் பறிப்பாங்கள். விசர்க் கதை கதையாதை."

மறுப்பார் என்று தெரிந்துதான் கேட்டேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கிடங்கை விட்ட பிறகு அவர் அந்த ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை செய்தார். அந்தத் துப்புரவு வேலையை ஏற்கெனவே ஒரு தனியார் கொம்பனிக்குக் கொடுத்திருந்தார்கள். முன்பு மூன்று பேர் துடைத்த மாடியை ஒருவர் துடைக்கவேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"இனி அந்தத் தரை பொலிஷ் மெஷினைத் தள்ள என்னாலை ஏலாது. நாளைக்கு நீ போ."

"ஆர் எண்டு சொல்லுறது?"

"நான் எண்டு சொல்லு. பழகினதுதானே உனக்கு."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவருடைய நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு நிலவறையில் வரிசையில் நின்றேன். மேற்பார்வையாளர் தாளிலிருந்து அண்ணையின் பெயரை வாசித்தார். கையை உயர்த்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்திரசிகிச்சை வார்ட், இரண்டாம் மாடி என்றார். வழி எனக்குத் தெரியும். மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன்.