பால் காய்ச்சிய அன்று கொட்டிய தூசி

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்ததும், கூடத்தில் மின்விசிறி மாட்டி, சமைக்கிற குசினியின் சுவரையும் இடித்துக் கட்டினோம். வேலையாட்கள் போன பிறகு வீடெங்கும் சிமெண்டுத் தூசி. நான் தரையைக் கழுவிக் கழுவி, முகம் தெரியும்படி துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினோம். நன்றாகவே பொங்கியது. மாமியார் எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். புழுக்கம் தாங்காமல் என் கணவர் மின்விசிறியைப் போட்டார். அவ்வளவுதான்! இறக்கைகளில் படிந்திருந்த தூசி மொத்தமும் எங்கள் மேல் கொட்டியது. டம்ளரை வாயருகே கொண்டுபோன என் சின்ன மகளிடமிருந்து வெடுக்கென்று அதைப் பிடுங்கினேன். பாலில் சாம்பல் நிறத்தில் தூசி மிதந்தது.

நல்ல நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதுவிட்டேன். மாமியாரோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் பொங்குச்சுல்ல, அது போதும்மா. குடிக்க வேற பால் கிடைக்காமலா போயிடும்?" என்றார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஃபாத்திமா அக்கா எட்டிப் பார்த்தார். அதுவரை எங்களுக்கு அறிமுகமில்லை.

"அழாதீங்க லா! எங்க வீட்டுல டின் பால் இருக்கு. தேத்தண்ணி போட்டு எடுத்துட்டு வரேன்."

தலையெல்லாம் தூசியோடு உட்கார்ந்து அதைக் குடித்தோம்.

இப்போது சுவரில் ஓர் ஆணி அடித்தாலும், முதலில் மின்விசிறியை ஈரத்துணியால் துடைக்கிறேன். தரை கடைசியில்தான். போன மாதம் ஃபாத்திமா அக்கா வீட்டில் வெள்ளையடித்தார்கள். வேலை முடிந்ததும் நாற்காலியும் ஈரத்துணியுமாக அங்கே முதலில் போய் நின்றவள் நான்தான்.