துணிக்கடையில் கிடைத்த தாய்மாமன்

போன வாரம் காதர் பாயை சேலத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் புரை. எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாய்க்கு நெஞ்சு வரை தாடி, தலையில் தொப்பி. எனக்கு நெற்றி நிறையத் திருநீறு.

"கூட வந்திருக்கறது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொல்லிவிட்டார் - "நம்ம தங்கச்சி பையனுங்க."

பேனா அப்படியே நின்றது. பிறகு என்னவோ எழுதினார். என்ன எழுதினாரோ... எனக்குப் படிக்கத் தெரியாதே!

ஆமாம், பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. நான் பேசுகிறேன், பக்கத்து வீட்டு தெரசா எழுதுகிறாள். மிஷன் ஸ்கூலில் படித்தவள். மலையில் மஞ்சக்குட்டை கிராமத்துக்குப் போகிற ஜீப் மாதிரி நான் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தால் பேனாவை மூடிவிட்டு, "அண்ணா, விசயத்துக்கு வாங்க" என்பாள். இப்போதும் மூடிவிட்டாள். வருகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது தனிக் கதை... சரி, தெரசா முறைக்கிறாள். அம்மாவும் நானும்தான். அந்த வயதிலும் அம்மா கையால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட டிரைவர், மலை முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

அந்த அம்மா ஒரு தை மாதம் காய்ச்சலில் விழுந்தாள். மூன்றே நாள். போய்விட்டாள்.

எட்டாம் நாள் குளித்துவிட்டு வந்து, "அம்மா, வேட்டி எங்க?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கொடியில காயுதுங்கண்ணா" என்று பதில் வந்தது. தெரசாதான். அன்றிலிருந்து சோறும் அந்தப் பக்கமிருந்தே வந்தது. ரசத்தில் உப்பு குறைவு என்று குறை வேறு சொன்னேன். என் துக்கத்தின் லட்சணம் அப்படி!

உண்மையான பயம் பதினாறாம் நாளை நினைத்துத்தான். எங்களில் அன்றைக்குத் தாய்மாமன் வந்து, புதுத் துண்டை உருமாலாக மகன் தலையில் கட்டிவிட வேண்டும். போனவளுக்குப் பிறந்த வீடு செய்கிற கடைசி மரியாதை அது. அம்மாவுக்கு ஏது பிறந்த வீடு? ஏழு வயதில் அப்பன் ஆத்தாளைப் பறிகொடுத்து, காப்பிப் பழம் பறிக்க வந்த கூட்டத்தோடு மலை ஏறியவள். கூடப்பிறந்தது ஒன்றும் கிடையாது. 'ஆளில்லாத பொம்பள' என்ற பேச்சை உயிரோடு இருந்தவரை கேட்டாள். செத்த பிறகுமா கேட்க வேண்டும்?

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே வம்பு. பவானியில் ஒரு மாமனை உண்டாக்கினேன். துண்டை அனுப்பிவிட்டார், வரத்தான் முடியவில்லை... இதுதான் ஏற்பாடு. துண்டுக்காக ஏற்காடு டவுனில் காதர் பாய் கடைக்குப் போனேன். அம்மா வழக்கமாகச் சேலை எடுக்கிற கடை.

"உருமாலுக்குத் துண்டு வேணுங்க பாய். பவானி மாமன் வாங்கி வெக்கச் சொன்னாருங்க."

"அப்படிங்களா? மாமன் பேரு என்னங்க?"

பேர் வைக்க மறந்துவிட்டேன்! எதிரே காலண்டரில் முருகன் நின்றுகொண்டிருந்தார். "சண்முகமுங்க" என்றேன்.

பாய் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துப் போட்டார். சும்மா இருந்தேனா? கண்ணாடி முன்னால் நின்று, மொட்டைத் தலையில் சுற்றி அழகு பார்த்தேன்.

"ஏனுங்க தம்பி, இத்தன வருசமா உருமாலுக்குத் துணி குடுக்கறேன். கட்டிக்கறவரே வந்து வாங்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன். கழட்டுங்க. இது விக்கறதுக்கில்ல."

தலையிலிருந்து உருவிக்கொண்டார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வேறு கடைக்குப் போகலாம் என்று தோன்றவில்லை. சொன்னேனே, என் மூளை.

பதினாறாம் நாள். ஊர் கூடியாயிற்று. ஊர்ப் பெரியவர் கேட்டார் - "மாமன் சீரு எங்கப்பா?"

"பவானி பஸ்ஸு..." என்று இழுத்தேன். இரண்டு பெண்கள் காதோடு காதாக ஏதோ பேசினார்கள். அதற்கு மேல் பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஜீப் நின்றது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அதே துண்டு. பின்னால் காதர் பாய்.

"நீங்க எந்த ஒறவுங்க பாய்?" என்றார் பெரியவர்.

"அந்தப் புள்ள இருவது வருசமா என்னைய அண்ணேன்னு கூப்புட்டுச்சு. நானும் தங்கச்சின்னுதான் கூப்புட்டேன். எங்கடையில ஒக்காந்து, 'எனக்கு யாருண்ணே இருக்கா'ன்னு ஒருக்கா அழுதுச்சு. நானிருக்கேன்னு சொன்னேனுங்க. இதுக்கு மேல ரேசன் கார்டு வேணுங்களா?"

பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.

பாய் கட்டினார். வாழ்நாளெல்லாம் துண்டு விற்ற மனுஷன், ஒரு நாளும் கட்டியதில்லை போலிருக்கிறது. சுற்றச் சுற்ற நழுவி என் கண்ணையே மூடிவிட்டது. "மாப்ள, தல ஆடாம இருங்க" என்று அதட்டல் வேறு. கண் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுதது யாருக்கும் தெரியாது.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதுங்கண்ணா" என்கிறாள் தெரசா. அதையும் எழுதுகிறாள். அன்று பந்திக்குச் சமைத்தவளும் இவள்தான். உப்பு சரியாக இருந்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

போன வாரத்துக்கு வருவோம். புரை எடுத்து, ஒரு கண்ணில் கட்டோடு பாய் பஸ் ஏறினார். மலை ஏற ஏற ஊதல் காற்று. "மாப்ள, காதுல குளுருது. துண்டக் கட்டி உடு" என்றார். கட்டினேன். அடுத்த வளைவிலேயே நழுவி, நல்ல கண்ணையும் மூடிவிட்டது.

என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தலைப்பாகை கட்ட வராது.