ஃபியூஸைப் பிடுங்கிய ஜெயமணி டீச்சர்

போன வாரம் காலையில் கோமதி தொலைபேசியில் அழைத்தாள். "நம்ம ஜெயமணி டீச்சர் போயிட்டாவ டீச்சர். தூக்கத்துலயே போயிட்டாவளாம்" என்றாள்.

சங்கரன்கோவிலில் அவரிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. விசைத்தறி வைத்திருந்த சண்முகம் அண்ணாச்சி வீட்டின் முன்பகுதியில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். அவருடைய மகள்தான் கோமதி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பின்னாலிருந்த குளியலறைக்கு அவள் இருட்டில் போகவேண்டாமென்று, அடுப்படி விளக்கின் லைனை நீட்டி அங்கே புது டியூப்லைட் போடச் செய்தார் அண்ணாச்சி. தாழ்ந்த கூரையின் இரும்புச் சட்டத்தில் விளக்கின் தகரப் பட்டியை முடுக்கியிருந்தார்கள். ஈரத்துணி காயப்போடும் கொடிக்கம்பியும் அதே சட்டத்தில்தான் கட்டியிருந்தது.

"எர்த்து எங்கே?" என்றார் டீச்சர்.

"லைட்டுக்கு ரெண்டு வயர் போதும் டீச்சர். இந்த வீட்டுல எர்த்தே கிடையாது" என்றார் வயர்மேன்.

"குண்டு பல்புக்குச் சரி. மரப்பலகை, பேக்கலைட் ஹோல்டர், தொடுத இடத்துல இரும்பு இல்ல. இது அப்படியா? உள்ள ஒரு வயர் தோலுரிஞ்சா கொடிக்கம்பி வரைக்கும் கரண்டு வருமே. எர்த்துக் கம்பி இருந்தா அது மண்ணுக்குள்ள போயிரும்."

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. மறுநாள் காலை டீச்சர் மெயின் போர்டிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டுவிட்டார்.

சாயங்காலம் வீடே இருண்டு கிடந்தது. அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார்.

"எம் வீட்டு ஃபியூஸை எடுக்க நீங்க யாரு?"

"குடியிருக்கவதான் அண்ணாச்சி. ஆனா அங்கன குளிக்கப் போறது ஒங்க மக."

"அப்போ வேற வீடு பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன். எர்த்து போட்ட பொறவு இதத் தந்துட்டுப் போறேன்."

கொடுத்துவிடுங்கள் என்று டீச்சர் காதில் கெஞ்சினேன். அவர் கைப்பையை விடவில்லை.

நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி கோமதி வெளியே வந்தாள். "அப்பா, டீச்சர் சரின்னு சொல்லாம நான் அந்த ரூம்புக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்றாள். அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வயர்மேன் வந்தார். கிணற்றடியில் ஈரம் காயாத இடத்தில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். அங்கிருந்து ஒரு செம்புக்கம்பி விளக்கின் பட்டிக்கும் மெயின் போர்டுக்கும் போனது. டீச்சர் ஃபியூஸைக் கொடுத்தார். வயர்மேன் ஒரு பல்பின் ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையைச் செம்புக்கம்பியிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது; எர்த்து வேலை செய்கிறது என்று அர்த்தம். "இப்போ சரி" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி அதன்பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. கோமதிக்குப் பெண் பிறந்தது. அந்தக் குழந்தை கொடிக்கம்பியை எட்டிப் பிடித்து ஆடும் அளவுக்கு வளர்ந்தபோது அண்ணாச்சி ஒருநாள் சீண்டினார். "இத்தன வருசத்துல ஒருத்தருக்கும் ஷாக் அடிக்கலயே டீச்சர். தோண்டுன குழி வீணாத்தான போச்சு?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "வீணாவே போவட்டும் அண்ணாச்சி."

அவர் சொன்னது சரிதான் என்று கடைசிவரை எதுவும் நிரூபிக்கவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லையே என்பதில்தான் அவருக்குச் சந்தோஷம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான்.