பேசாலை ஜெராட்டின் அல்ஸ்ரர் இங்கிலீசு

மொன்றியலில் இருபத்தெட்டு வருசமாகத் தான் கதைத்துவந்த இங்கிலீசு உண்மையில் இங்கிலீசே இல்லை என்று ஜெராட் குரூஸ் அறிந்துகொண்டது ஒரு ஆஸ்பத்திரியில், வலது கையை மேலே தூக்கியபடி இருந்தபோது.

கமக்கட்டில் ஒரு கட்டி. டொக்டர் ரொறன்ரோவிலிருந்து புதிதாக வந்தவர். பிரெஞ்சில் அவர் படுகிற பாட்டைப் பார்த்து இரங்கி, ஜெராட் பெருந்தன்மையோடு இங்கிலீசுக்கு மாறினார்.

"அய், தெயர்ஸ் எ வீ லம்ப் இன் மை ஒக்ஸ்ரர்."

டொக்டர் தலையாட்டிவிட்டு, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் கேட்டது. ஜெராட் அதையே இன்னொருக்கா சொன்னார்.

"அண்ணை, இது தமிழில்லை," என்றது குரல். "இங்கிலீசு மாதிரியும் தெரியேல்லை. நீங்கள் எந்த ஊர்?"

"மன்னார், பேசாலை. கமக்கட்டுக்குள்ள கட்டி, பிள்ளை."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

கட்டி ஒன்றுமில்லை, மருந்து பூசக் கரைந்துவிட்டது. ஆனால் ஜெராட்டுக்கு மனம் ஆறவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுமே மகள் றொஷினியைக் கூப்பிட்டு, அலுமாரியிலிருந்த ஏழு புத்தகங்களையும் மேசையில் அடுக்கினார்.

அவர் கனடா வந்த முதல் மாரியில், கோட்-டெ-நேஜில் ஒரு மாடிக் கட்டிடத்துக்குப் பராமரிப்பாளராக வேலை கிடைத்தது. பிரெஞ்சை அரசாங்க வகுப்பில் படித்தார். இங்கிலீசுக்கு வகுப்பில்லை. மூன்றாம் மாடியில் ஒருத்தர் வீடு காலி செய்தபோது விட்டுப்போன பெட்டியில் ஏழு நாவல்கள் கிடந்தன, எல்லாம் ஆக்னஸ் மக்கில்டவி என்ற ஒரே எழுத்தாளர் எழுதியவை. ஜெராட் அவற்றை வரிவரியாகப் பாடமாக்கினார். அகராதியில் இல்லாத சொல் வந்தால், அது பெரிய மனிசர் பாவிக்கிற உயர்ந்த இங்கிலீசு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கதைப்பது வெள்ளைக்காரருக்கு விளங்காவிட்டால், தமிழர் இங்கிலீசு இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். தமிழருக்கு விளங்காவிட்டால், ஜெராட் நல்லாப் படித்தவர் என்பார்கள். லவாலில் இருக்கிற மைத்துனர் அன்டன், தாயை ஊரிலிருந்து கனடாவுக்குக் கூப்பிடுவதற்கான கடிதத்தைக்கூட இவரைக்கொண்டே எழுதுவித்தார். தாயும் வந்துசேர்ந்துவிட்டார்.

றொஷினி கைபேசியில் தேடிப்பார்த்துவிட்டுத் தகப்பனை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"அப்பா, நானூறு வருசத்துக்கு முந்தி ஸ்கொட்லாந்துச் சனம் கடலைக் கடந்து அயர்லாந்துக்கு வடக்கில போய்க் குடியேறியிருக்கு. அந்த இடம் அல்ஸ்ரர். நீங்கள் கதைக்கிறது அந்தச் சனத்தின்ர பாசை."

"அப்ப மற்றாக்கள் கதைக்கிறது?"

"அதுதான் இங்கிலீசு."

மனைவி அஞ்சலீனா குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பில் சட்டி கீழே விழுந்தது.

றொஷினி விசயத்தை எழுத்தாளருக்கே மின்னஞ்சலில் எழுதிப் போட்டாள். இரண்டே நாளில் பதில் வந்தது. அல்ஸ்ரர் வம்சாவளிச் சங்கம் ஒன்று அழைத்து ஒக்ரோபரில் மொன்றியல் வருகிறாராம், உங்கள் தகப்பனைக் கட்டாயம் பார்க்கவேண்டுமாம்.

ஒரு மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். மக்நீல், ஜோன்சன், ரோஸ் என்ற பேர்களைச் சட்டையில் குத்திக்கொண்டு நாற்பது பேர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் இங்கிலீசு தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக்காரரோடு கலியாணம் முடித்துப் பேர் மட்டும் மிஞ்சியிருந்தது. கூலிக்குப் பிடித்த மொழிபெயர்ப்பாளர் நாவலில் இரண்டாம் பக்கம் பார்த்ததும் தடிமன் காய்ச்சல் என்று சொல்லி வராமல் விட்டுவிட்டார். தலைவர் மெஸ்யூ மக்நீல் வியர்த்துப்போய் நின்றார்.

"எனக்கு இரண்டும் தெரியும்," என்று ஜெராட் பிரெஞ்சில் சொன்னார். பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

ஆக்னஸ் எழுபது வயதுச் சின்ன மனிசி. வாசிக்கத் தொடங்கியதும் ஜெராட் திகைத்துப்போனார். ரேடியோவில் இங்கிலீசுச் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேச்சு, அல்ஸ்ரர் இழுவை மருந்துக்கும் இல்லை. ஒரு பெட்டை கிழங்குத் தோட்டத்தில் நின்று, நாங்கள் ஸ்கொட்டிஷ்காரரா, ஐரிஷ்காரரா, பிரிட்டிஷ்காரரா என்று தகப்பனைக் கேட்கிற இடம் அது. தகப்பன் கிழங்கைக் கிண்டு என்கிறான். அந்தப் பக்கம் ஜெராட்டுக்கு மனப்பாடம். கொழும்பில் ஒரு விதமாகவும் யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமாகவும் தன்னை யாரென்று கேட்டவர்கள் எல்லோரும் ஞாபகம் வர, எழுத்தாளர் வாசித்து முடிக்கமுன்னமே அவர் அடுத்த வரியைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். மண்டபம் மூக்கைச் சிந்தியது.

பேந்து கோப்பி குடிக்கும்போது ஜெராட் புத்தகத்துப் பாசையில் கதைக்க, ஆக்னஸ் அவர் காதுக்குள் சொன்னார்: "நான் பட்டணத்தில் வளர்ந்தவள். இதை எழுதத்தான் தெரியும், கதைக்க வராது. என்னுடைய புத்தகத்தை என்னோடேயே ஒரு ஆள் கதைப்பது இதுதான் முதல் தடவை."

"அய்," என்றார் ஜெராட், அந்தப் பாசையிலேயே ஓமென்று.

அதற்குள் மக்நீல் ஓடிவந்தார். "உங்கள் குடும்பப் பேர் குரூஸா? க்ரூக்ஸ்! அல்ஸ்ரரில் அன்ரிம் பக்கத்துப் பழைய குடும்பம்!"

"இல்லை மெஸ்யூ. போர்த்துக்கீசர் எங்கட ஊருக்கு வந்து தந்த பேர்."

"அவர்களுடைய கப்பலில் ஒரு க்ரூக்ஸ் இருந்திருப்பான்," என்று முடித்தார் மக்நீல். சங்கத்துக்கு இந்த ஆள் தேவை, ஆனால் வம்சாவளி இல்லாதவரைச் சேர்க்க விதியில்லை. ஆகவே வம்சாவளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே, சங்கத்தில் அந்தப் பாசை தெரிந்த ஒரே ஆள் என்பதற்காக, அவரைப் பண்பாட்டுச் செயலாளராக ஏகமனதாகத் தெரிவுசெய்தார்கள்.

சான்றிதழைக் கொண்டுவந்து வீட்டில் காட்டினார்.

"இஞ்சருங்கோ," என்றாள் அஞ்சலீனா, "இனி றொஷினியின்ர கலியாணத்துக்குக் ஸ்கொட்லாந்துக்காரரின்ர கட்டம்போட்ட பாவாடையோடயோ வரப்போறியள்?"

ஜெராட் இடுப்பளவு எடுக்க நாடா தேடினார்.

ஆக்னஸ் இப்போது எட்டாவது நாவல் எழுதுகிறார். கதாநாயகன் அல்ஸ்ரருக்கு வந்துசேர்கிற ஒரு மன்னார் மீனவன். ஒவ்வொரு அத்தியாயமும் ஜெராட்டுக்கு வருகிறது. பாசையைத் திருத்தித் தரச்சொல்லித்தான் அனுப்பினார். ஜெராட் அந்த மீனவனையும் சேர்த்துத் திருத்தினார். திருக்கை மீனை வெண்ணெயில் பொரிக்கிறான் என்றிருந்ததை வெட்டினார். ஆக்னஸ் விட்டுக்கொடுத்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் பனிக்குள் வெறுங்காலோடு மாதா கோயில் பூசைக்குப் போகிறான். அப்போதுதான் அழகாயிருக்கும் என்றார் ஆக்னஸ். பேசாலைக்காரன் விசரனில்லை என்று எழுதி ஜெராட் சப்பாத்துப் போட்டுவிட்டார். ஆக்னஸ் கழற்றினார். இவர் திரும்பவும் போட்டார். மூன்று கிழமையாகக் கடிதம் போய் வந்து கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்கிறது. இப்போதைக்கு அந்த மனிசன் கோயில் வாசலில் ஒற்றைக்கால் சப்பாத்தோடு நிற்கிறான்.